கடைசிச் சுற்றுக்கான மணி

அக்கம்பக்கத்து ஆண்கள் ஆறு பேர் சவப்பெட்டியைத் தோளில் ஏற்றும்போது, ஸ்கேட்டிங் கிளப் தலைவர் போஸ்மா ஒரு பித்தளை மணியை வோப்பெயின் கையில் திணித்தார்.

“பெட்டியத் தூக்கிட்டு தேவாலயத்த மூணு சுத்து சுத்துவாங்கல்ல, மூணாவது ஆரம்பிக்கும்போது அடிங்கண்ணே. உங்க தம்பி சாதனை பண்ணுன அன்னிக்குக் கடைசிச் சுத்துக்கு அடிச்ச மணி இது.”

வோப்பெயின் கையில் தொழுவ வாடை அடித்தது. தம்பியை அடக்கம் செய்யும் இந்தக் காலையிலும் அறுபது மாட்டைக் கறந்துவிட்டுத்தான் வந்திருந்தான். தம்பி ஸிப்ரன் பனித்தளத்தில் ஸ்கேட்டிங் பந்தயம் ஓடிய பதினான்கு வருடமும் கறவை அவன் தலையில்தான்.

போஸ்மா கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். “பத்தாயிரம் மீட்டர். இருபத்தஞ்சு சுத்து. நம்ம ஸிப்ரன் ஓடிட்டிருக்கும்போது வீட்ல அவர் அப்பா உயிர் போய்ட்டிருந்துச்சு. வீட்ல மறைச்சிட்டாங்க. தெரிஞ்சிருந்தா ஓடியிருப்பாரா?”

கூட்டம் வோப்பெயைப் பார்த்தது. முப்பது வருடப் பழைய பார்வை.

“அப்பன் சாவக் கிடந்தத மறைச்சாலும், பால் கறக்குற நேரத்த மட்டும் தப்ப விட்டிருக்க மாட்டான்” என்று பின்னால் ஒருவன் முணுமுணுத்தான்.

அந்தப் பந்தயத்தன்று மைதானத்துக்குப் போன் போட்டு ஸிப்ரனையே கூப்பிட்டுப் பேசினான் வோப்பெ. “அப்பா உன்னைக் கேட்டுட்டே இருக்காருடா. உடனே வா.” “ஓடி முடிச்சிட்டு வரேன்” என்றான் ஸிப்ரன். மறுநாள் பத்திரிகையில், அண்ணன் தன்னிடம் சொல்லவில்லை என்றிருந்தான்.

ஸிப்ரனின் மனைவி ஹிஸ்கெ பக்கத்தில் வந்து நின்றாள். “இன்னிக்கு மட்டும் எதுவும் சொல்லிராதீங்கண்ணே. பிள்ளைங்க நிக்குதுங்க.”

“உனக்குத் தெரியுமா?”

“போன வாரம் சொன்னாரு. அழுதாரு.”

“நான் அடுத்த வீட்லதான இருந்தேன்.”

அவள் கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டிக்கொண்டாள்.

பெட்டி நகர்ந்தது. தேவாலய மணி சீராக ஒலிக்க, முதல் சுற்று, இரண்டாம் சுற்று. மூன்றாவதுக்கு அதை நிறுத்தச் சொல்லியிருந்தார் போஸ்மா. நின்றது. எல்லாத் தலையும் வோப்பெ பக்கம் திரும்பியது.

பந்தயத்தன்று அப்பாவின் தலைமாட்டில் ரேடியோ தன் பாட்டுக்குச் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாவது சுற்றில் அப்பாவின் மூச்சு நின்றது. அவர் கண்களை மூடிவிட்டு, தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் ரேடியோவில் இந்த மணி அடித்தது. அந்த அறையில் அதைக் கேட்டவன் வோப்பெ ஒருவன்தான்.

“அடிங்கண்ணே” என்றார் போஸ்மா, உதடு அசையாமல்.

வோப்பெ மணிக்குள் விரல்களை விட்டு அதன் நாக்கை இறுகப் பிடித்துக்கொண்டான். பித்தளை சில்லென்றிருந்தது. பெட்டிக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினான். சுமப்பவர்களின் பூட்ஸுக்கு அடியில் சரளைக்கல் நெரியும் சத்தம் மட்டும் சுற்று முடியும்வரை கேட்டது.