வெறிநாய் கடித்த ஊர்

பிள்ளையார்பாளையத்தில் தணிகாசலம் முதலாளியின் தறிக்கூடத்தில் பதினோரு வருஷம் எனக்கு வேலை, பத்திரிகை படிப்பது. எட்டுத் தறி ஓடுகிற இடத்தில் கை ஓயக்கூடாது, காது மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. ஊரிலேயே பெரிய தொண்டை வீரபாகுவுக்குத்தான் என்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தினம் காலையில் தறிச் சத்தத்துக்கு மேலே ஒரு மணி நேரம் கத்துவேன். எழுத்துக் கூட்டத் தெரியாத அந்த நெசவாளிகளுக்கு உலகம் என் வாய் வழியாகத்தான் வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லை என்றால் அது பொய்.

பொய் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அத்தனை வருஷத்தில் பத்திரிகையில் இல்லாத ஒரு வார்த்தையை நான் படித்ததில்லை. சிலதைப் படிக்காமல் விட்டேன், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் எட்டுப் பக்கம் படிக்க முடியுமா? எதையாவது விட்டுத்தானே ஆக வேண்டும்!

நான் விட்டது பெரும்பாலும் சென்னைப் பட்டணத்தைப் பற்றிய நல்ல செய்திகளை. எனக்கும் பட்டணத்துக்கும் ஆகாது. வாலிபத்தில் ஒரே ஒரு தடவை போய், ஒரு கடையில் குடை வாங்கி வந்தேன். இங்கே வந்து மழையில் விரித்தால் பாதிக் கம்பியைக் காணோம். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. டிராமில் ஒருவன் அடிபட்டான் என்றால் குரலை ஏற்றிப் படிப்பேன். சங்கிலி அறுத்தான் என்றால் இரண்டு தடவை படிப்பேன். ஆஸ்பத்திரி திறந்தார்கள் என்று போட்டிருந்தால் கண் தானாக அடுத்த பத்திக்குத் தாவிவிடும்.

இதெல்லாம் யார் தலையில் விடிந்தது என்பது 1933ஆம் வருஷம் வைகாசியில்தான் எனக்குத் தெரிந்தது. மூன்றாம் தறி முருகேசனின் மகள் பெரியநாயகி ஒருநாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். எட்டாவது தேறியவள். பட்டணத்தில் வாத்தியாரம்மா படிப்புக்கு விண்ணப்பம் போட்டு, இடமும் கிடைத்திருந்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் தகப்பன் கையெழுத்தோடு பதில் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

"அப்பா கையெழுத்துப் போட மாட்டாராம் மாமா. ஏன்னு கேளுங்க."

"ஏன்?"

"பட்டணத்துல தினம் ஒருத்தன் டிராம்ல அடிபடறானாம். பொழுது சாஞ்சா பொம்பளைங்க வெளிய தலைகாட்ட முடியாதாம். தெருவுக்குத் தெரு காலராவாம். யாரு சொன்னதுன்னு கேட்டா, 'வீரபாகு படிச்சானே'ங்கறாரு."

கேட்டதும் முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் படித்ததை ஒரு மனிதன் இத்தனை ஞாபகம் வைத்திருக்கிறானே! அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கையில் ஒரு கட்டுப் பழைய பத்திரிகை இருந்தது. நான் படித்து முடித்த தாளை முருகேசன் வீட்டுக்கு எடுத்துப் போவான் என்பது எனக்குத் தெரியும். அடுப்பு பற்ற வைக்கத்தான் என்று நினைத்திருந்தேன். இவளோ ஒரு வரி விடாமல் படித்திருக்கிறாள். அன்றைக்கு நான் கூடத்தில் என்ன படித்தேன் என்று அப்பனிடம் கேட்டு, விட்டதற்கெல்லாம் சிவப்பு மசியில் கோடு போட்டிருக்கிறாள். தாளுக்குத் தாள் சிவப்பு.

"நாலு வருஷமா தெரியும் மாமா. மாமாவுக்குப் பட்டணம்னா ஆகாதுன்னு சிரிச்சுக்கினு வுட்டுட்டேன். இப்ப சிரிப்பு வரல." தாள்களை என் முன்னால் வைத்தாள்.

எனக்குக் கூசிப் போயிற்று. கம்பியில்லாத ஒரு குடைக்காக ஒரு பெண்ணின் படிப்பையே நான் மடக்கி வைத்திருக்கிறேன்.

மறுநாள் கூடத்தில் பட்டணத்தைத் தூக்கி வைத்துப் படித்தேன். புதுக் குழாய்த் தண்ணீர், பெண்கள் பள்ளியில் ஆண்டு விழா, பிரசவ ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம். மூன்றாவது செய்தியிலேயே முருகேசன் தறியை நிறுத்திவிட்டான்.

"இன்னாபா வீரபாகு, ஒரே ராத்திரியில பட்டணம் திருந்திடுச்சா? எம் பொண்ணு உன்கிட்ட வந்து அழுதாளா?"

எட்டுத் தறிக்காரர்களும் சிரித்தார்கள். பதினோரு வருஷம் நம்பியவர்கள், நான் ஒழுங்காகப் படித்த முதல் நாளில் நம்பவில்லை! வந்த கோபத்தில் தாளை மடித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பெரியநாயகி ஒரு காகிதத்தை என்னிடம் கொடுத்தாள். "நாலு வருஷப் பத்திரிகையில ஒரே ஊரைப் பத்தி வந்தது மாமா. ஊர் பேரை மட்டும் எழுதல. வழக்கம்போலப் படிங்க."

"எந்த ஊரு?"

"முடிச்சதும் சொல்றேன்." கூடத்தின் ஓரத்தில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த தாய் ரேணுகாம்பாள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் பட்டணம்தான் என்று முடிவுகட்டி, உள்ளூற ஒரு குஷியோடு தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"திருவிழாக் கூட்டத்தில் ஐந்து பெண்களின் சங்கிலி அறுப்பு! போலிச் சரிகை விற்று வெளியூரார் ஏமாற்றப்பட்டனர்! மூன்று தெருக்களில் காலரா! குளத்தில் மூழ்கி இருவர் மரணம்! வெறிநாய் வீதி வீதியாக ஓடி ஏழு பேரைக் கடித்தது, ஜனங்கள் பீதி!"

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. முருகேசன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அய்யய்யோ, இன்னா ஊருபா அது! பட்டணமே தேவலாம் போல இருக்குதே. அந்த ஊருல பொண்டு பிள்ளைங்களை வெச்சுக்கினு எவனாவது குடியிருப்பானா?"

"நீ குடியிருக்கறியேப்பா" என்றாள் பெரியநாயகி. "எல்லாம் நம்ம காஞ்சிபுரம்தான். அந்த ஏழு பேர்ல ஒருத்தர் நீ."

முருகேசன் தறிக் குழியிலிருந்து துள்ளி எழுந்தான். வேட்டியைத் தூக்கிக் கெண்டைக்காலைப் பார்த்தான். தழும்பு இருந்தது.

"எவன்டா அதை வெறிநாயின்னு எழுதினவன்? செட்டியார் வீட்டு நாய்பா அது! நான் பராக்குப் பார்த்துக்கினு போயி வாலை மிதிச்சுட்டேன். அதுதான் கடிச்சுது. ஏழு பேராம்! நானு, மளிகைக்காரன், அப்புறம் அந்தத் தபால்காரர். மூணே பேரு! பீதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த நாயி இன்னிக்கும் அங்கதான் படுத்துக்கினு இருக்குது!"

"அப்போ பட்டணத்து டிராம் சேதியும் எப்படியோ, யாருக்குத் தெரியும்?" என்றாள் ரேணுகாம்பாள், தாரைச் சுற்றிக்கொண்டே.

உள்ளூர்ச் சேதி எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று அந்தப் பத்தியை நான் ஒருநாளும் தொட்டதில்லை. நான் விட்டது ஒரு பங்கு என்றால், பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறவன் கூட்டியது ஒரு பங்கு. சங்கிலி அறுந்த திருவிழாவில் அறுபடாமல் வீடு போய்ச் சேர்ந்த ஆயிரக்கணக்கான கழுத்துகளைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதும்? பெரியநாயகியும் லேசுப்பட்டவள் இல்லை. பெருமாள் கோயிலில் எந்தக் கூட்டம் முதலில் பாசுரம் பாடுவது என்று கோர்ட் வரைக்கும் போன சண்டையை அவள் எழுதவே இல்லை. எழுதியிருந்தால் எங்கள் ஊர்ப் பூனைகூட இது எந்த ஊர் என்று சொல்லியிருக்கும். அவளும் பொறுக்கித்தான் எடுத்தாள். பாம்பின் கால் பாம்பறியும்.

முருகேசன் குழியின் விளிம்பில் உட்கார்ந்து தழும்பைத் தடவினான். பிறகு மெல்லச் சிரித்தான்.

"அப்படின்னா பட்டணத்துல ஒருத்தன் இதையெல்லாம் படிச்சுட்டு, பொண்ணைக் காஞ்சிபுரத்துல கட்டிக் குடுக்க மாட்டேன்னு ஒக்காந்துக்கினு இருப்பான், இல்ல?" என்றான். "மடையன்!"

அன்றைக்கு மத்தியானமே கையெழுத்துப் போட்டான். கையெழுத்து என்ன, பெருவிரல் ரேகைதான். கொண்டுபோய்ச் சேர்க்க அவள் பள்ளிக்கூட வாத்தியாரை ரயிலில் அனுப்பிவைத்தோம். ஆனி பிறந்ததும் பெரியநாயகி பட்டணம் போனாள்.

இருபது நாள் கழித்து அவளிடமிருந்து கடிதம் வந்தது. முருகேசன் அதை நேரே கூடத்துக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். தறிகள் நின்றன. தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு ரேணுகாம்பாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

விடுதி சுத்தமாக இருக்கிறது, டிராமில் இரண்டு தடவை போனேன், பயமாக இல்லை, கூட இருக்கிற பெண்கள் நல்லவர்கள் என்று படித்துக்கொண்டே வந்தேன். அடுத்த வரியில் கண் நின்றது. 'முதல் வாரம் முழுக்க ராத்திரி அழுதேன் அப்பா.'

என் கண்ணுக்குத்தான் பழக்கமாயிற்றே, அடுத்த பத்திக்குத் தாவப் பார்த்தது. தகப்பன் எதிரில் நிற்கிறான், தாய் நிற்கிறாள். விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இந்தத் தடவை விடுவது குரோதத்தால்கூட இல்லை, பாசத்தால். ஆனாலும் வாயைக் கட்டாயப்படுத்தி அந்த வரியைப் படித்தேன். சத்தமாகத்தான் படித்தேன்.

ரேணுகாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முருகேசன் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அழுதாள்னு படிச்ச பாரு வீரபாகு" என்றான், "அதனாலதான்பா நல்லா இருக்காள்ன்றதை நம்புறேன்."