என் மூக்கும் ஐந்து லிட்டர் தண்ணீரும்

1.
இந்தக் கதை என் மூக்கில் தொடங்கியது. (இந்த வரியை இரண்டு முறை எழுதி அடித்தேன். மூக்கை விட்டால் தொடங்க வேறு இடமில்லை.)

என் தங்கை பள்ளியில் இயற்பியல் டீச்சர். அறிவியல் கண்காட்சியில் பிள்ளைகளே தொட்டுச் செய்து பார்க்கும் சோதனைகளைத் திட்டமிடுவது அவள் பொறுப்பு. போன வருடம், மேசைவிரிப்பை வெடுக்கென்று உருவினால் கோப்பைகள் அசையாமல் நிற்கும் என்று காட்டப் போனாள். ஆறு கோப்பைகளும் தலைமையாசிரியையின் மடியில் போய் நின்றன. இந்த வருடமும் ஏடாகூடமானால் அரங்கு கெமிஸ்ட்ரி டீச்சருக்குப் போய்விடும். நுரை பொங்கவைத்தே பேர் வாங்கியவர் அவர்.

2.
வேறு தொடக்கம்: ‘ஊசலின் இயல்பு யாதெனில்...’

வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

3.
கூடத்து ஃபேனைக் கழற்றிவிட்டு, அந்தக் கொக்கியில் கயிறு கட்டி, ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டிருந்தாள். கேனை மூக்குநுனிவரை இழுத்துவந்து விட்டுவிட வேண்டும். போய்விட்டுத் திரும்பி வரும். புறப்பட்ட இடத்தைத் தாண்டாது. தள்ளாமல் விட்டு, ஆடாமல் நின்றால் மூக்குக்குச் சேதமில்லை.

“பிள்ளைங்க மூக்குக்கு முன்னாடி உங்க அக்கா மூக்குல காட்டுங்க” என்று சொல்லிவிட்டார் தலைமையாசிரியை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து, நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி உட்கார்ந்து, கைப்பையை மடியில் கேடயமாக வைத்துக்கொண்டார்.

“மூக்குல என்ன பிளாஸ்திரி?”

“கொசு கடிச்சிருச்சு மேடம்” என்றாள் தங்கை.

“அவ்வளவு பெரிய கொசுவா?”

“அஞ்சு லிட்டர் இருக்கும்” என்றேன். என் வாய் அப்படி.

தங்கை என் காதருகே வந்தாள். “அக்கா, சும்மா விடு. தள்ளாதே.”

“நான் ஏன்டி தள்ளப்போறேன்?”

“நேத்து மூணு தடவை தள்ளினே.”

4.
(உண்மைதான். எதையும் சும்மா விடத் தெரியாதவள் நான். நான் எழுதும் கதையில் ஒரு பாத்திரம் லேசாகக் கண் கலங்கினால் அடுத்த பத்தியில் கதறவைத்துவிடுவேன். தங்கை வேலைக்குச் சேர்ந்த அன்று வகுப்பு வாசல்வரை போய், தைரியமாகப் போ என்று முதுகில் கைவைத்தேன். அவள் தடுக்கி விழுந்தபடிதான் ஆசிரியையானாள். அன்பு என்றுதான் நான் இதற்குப் பேர் வைத்திருந்தேன்.)

5.
முடிவு அ: கேன் மூக்கருகே நின்றது. தலைமையாசிரியை எழுந்து கைதட்டி... (இவர் கைதட்டுகிற ஆளே இல்லை. நான்தான் தள்ளுகிறேன்.)

முடிவு ஆ: ஜன்னலுக்கு வெளியே கெமிஸ்ட்ரி டீச்சர்... (இவர் எங்கே வந்தார்?)

6.
நடந்ததை மட்டும் சொல்கிறேன். கேனை விட்டேன். அது தலைமையாசிரியையின் கைப்பைக்கு ஒரு சாண் முன்பு வரை போய், தயங்கி, இதோ திரும்புகிறது. தங்கை கேனைப் பார்க்கவில்லை. என் விரல்களைப் பார்க்கிறாள்.

நான் தள்ளவில்லை. இன்னும் ஒரு வரி எழுதினால் அதுவே தள்ளியதாகிவிடும் என்பதால் பேனாவை வைத்துவிட்டேன். இனி அவள் அரங்கும் என் மூக்கும் உங்கள் கையில்.

தயவுசெய்து சும்மா விடுங்கள்.