கயிறும் கடலையும்

போன வருடம் தீயணைப்புத் துறையின் உடல்தகுதித் தேர்வில் நான் பாதிக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தேன். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். ஓட்டத்திலும் தேறியிருந்தேன். கயிற்றில் மட்டும் கை நின்றுவிட்டது. மேலே போக முடியவில்லை, விடவும் மனமில்லை. கடைசியில் உள்ளங்கைத் தோல் உரியச் சறுக்கிக்கொண்டு வந்து விழுந்தேன். வயது வரம்புக்குள் எனக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம். இம்முறை ஏறியே ஆக வேண்டும்.

பகலில் கேளம்பாக்கத்து சூப்பர் மார்க்கெட் ஒன்றில் பொருள் அடுக்கும் வேலை. மாலையில் திருப்போரூரில் உடல்தகுதித் தேர்வுப் பயிற்சி வகுப்பு. வகுப்பு முடிந்ததும் அன்று என்ன சாப்பிட்டேன், கயிற்றில் எதுவரை போனேன் என்று எழுதி வைப்பேன். எழுதுவதால் எடை குறையாது என்று தெரியும். எழுதாவிட்டால் என்னையே ஏமாற்றிக்கொள்வேனோ என்று பயம்.

கயிற்றில் நான் தூக்க வேண்டியது என்னைத்தான். நான் கனமாக இருந்தேன், கைகளில் பலமில்லை. "கொழுப்பு எறங்கணும், சத போடணும். அதுக்குப் புரோட்டீன் வேணும் மச்சான்" என்றான் கூடப் படிக்கும் பரணிதரன். அவன் அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை. அவன் முட்டையும் கோழியும் சாப்பிட்டு, டப்பா பவுடரும் கரைத்துக் குடித்து, கயிற்றில் அணில் போல ஓடுவான்.

என் நேரம், பயிற்சி சூடு பிடித்தபோது லெந்து என்கிற தவக்காலம் வந்துவிட்டது. சாம்பற்புதன் முதல் ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது. தேர்வோ ஈஸ்டருக்குச் சில நாட்கள் முன்னால்.

"ரெண்டு முட்டதானடா? வெளிய துன்னுட்டுப் போ. உங்க சாமி இன்னா வாய மோந்தா பாக்கப் போவுது?" என்றான் பரணிதரன்.

"எங்கம்மா மோந்து பாக்கும்டா" என்றேன்.

உண்மையான காரணம் வேறு. ஏற்கெனவே பாதியில் சறுக்கியவன் நான். இதையும் பாதியில் விட எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் வீட்டு மூலையில் இருந்த மூட்டை கண்ணில் பட்டது. செய்யூரிலிருந்து சாலமோன் மாமா வருடந்தோறும் அனுப்பும் வேர்க்கடலை. கடலையில் புரதம் உண்டு என்று எங்கோ கேட்டிருந்தேன். அவ்வளவுதான். சோற்றை அடியோடு நிறுத்தினேன். காலையில் வேகவைத்த கடலை, மதியம் வறுத்த கடலை, மாலையில் வெல்லம் சேர்த்த கடலை உருண்டை. ஒழுங்காக, ஒரு வேளை தவறாமல் தின்றேன்.

எடை கூடியது. வகுப்பில் இருந்த எடை இயந்திரம்தான் பழுது என்று முடிவு செய்து, பஸ் நிலையத்து இயந்திரத்தில் ஏறினேன். அதுவும் அதையே சொன்னது. கயிற்றில் முன்பு எட்டிய இடத்தைக்கூட எட்டவில்லை. ஞாயிறு விடியற்காலை மாமல்லபுரம் கடற்கரையில் ஓடும்போது கண் இருட்டி மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"சோறு துன்னாம ஓடறியே, உடம்பு இன்னா காத்துலயா ஓடும்?" என்று திட்டிக்கொண்டே பரணிதரன் இளநீர் வாங்கிக் கொடுத்தான்.

மறுநாள் கடையில் கடலைப் பாக்கெட்டுகளை அடுக்கும்போது ஒன்றின் பின்பக்கத்தைப் படித்தேன். புரதம் இருந்தது. கொழுப்பு அதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. அன்று வகுப்புக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்குப் போனேன்.

"எம்மா, கடலைல பாதி எண்ணெதாம்மா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "வருசா வருசம் அந்த மூட்டைய செக்குக்கு நீதானடா தூக்கினு போற? அதுல இன்னா தண்ணியா வந்துச்சி?"

அந்த எண்ணெயில் பொரித்துத் தின்று வளர்ந்தவன் நான். இது எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, "செரி நைனா, இன்னா வோணும் சொல்லு. கறி மீனு மட்டும் கேக்காத" என்றார்.

கடையில் ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் படித்தேன். மீல்மேக்கரில் புரதம் நிறைய, கொழுப்பு மிகக் கொஞ்சம். அதை எடுத்துக்கொண்டேன். கூடவே கறுப்புக் கொண்டைக்கடலை, முளைகட்டிய பச்சைப்பயறு, ஆடை நீக்கிய தயிர். ஓடுவதற்குத் தெம்பு வேண்டுமே என்று சோற்றையும் திரும்பச் சேர்த்தேன், ஆனால் அளவாக. வேர்க்கடலை ஒரு கைப்பிடியோடு சரி.

அம்மா மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, கறி மசாலா போட்டுச் சுண்ட வறுத்தார். வாசம் தெருவுக்கே போயிற்று. எதிர்வீட்டு சகுந்தலா அக்கா வாசலில் வந்து நின்றார்.

"இன்னா மார்கரெட்டு, லெந்துல கறி வாசன தூக்குது?"

"உள்ள வந்து துன்னு பாரு. எலும்பு கெடைச்சா நான் இந்துவா மாறிக்கறேன்."

அக்கா ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனார்.

முதலில் எடை அசையவில்லை. இதுவும் தப்போ என்று தினமும் சந்தேகப்பட்டேன். ஆனால் பெல்ட்டை இறுக்க அடுத்த துளை தேவைப்பட்டது. ஒரு மாலை, கயிற்றின் நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணி என் முழங்காலுக்குக் கீழே இருந்தது. குனிந்து பார்த்துத்தான் நம்பினேன்.

தேர்வு செங்கல்பட்டு மைதானத்தில் நடந்தது. என் எண்ணைக் கூப்பிட்டார்கள். கயிற்றைப் பிடித்தேன், விசில் ஒலித்தது. பாதிவரை யோசிக்காமல் வந்துவிட்டேன். போன வருடம் நின்ற அதே உயரத்தில் மனம் தன் வேலையைத் தொடங்கியது. காலையில் சோறு அதிகமோ, பயறு குறைவோ? கை அதற்குக் காத்திருக்கவில்லை. மேலே எட்டிப் பிடித்தது. உடம்பு அதன் பின்னாலேயே வந்தது, இத்தனை நாள் முதுகில் சுமந்த யாரையோ இறக்கிவிட்டதைப் போல. அடுத்த பிடி, அதற்கடுத்த பிடி. பிறகு கயிறு இல்லை, அதைக் கட்டியிருந்த இரும்பு வளையம்தான் இருந்தது. ஓங்கி ஓர் அறை விட்டேன். மைதானம் முழுக்கக் கேட்டது.

மதில் சுவருக்கு அப்பால் கொளவாய் ஏரி வெயிலில் மின்னியது. அந்த மைதானத்திலிருந்து ஏரி தெரியும் என்று எனக்குப் போன வருடம் தெரியாது.

"ஏறியாச்சிப்பா, தேறிட்ட. எறங்கு, பின்னால ஆளுங்க கீறாங்க" என்றார் அதிகாரி.

"ஒரு நிமிசம் சார்."

"மச்சான், அங்கியே வூடு கட்டிக்கப் போறியா?" என்று கத்தினான் பரணிதரன்.

இன்னும் ஒருமுறை ஏரியைப் பார்த்துவிட்டு, சறுக்காமல், பிடி பிடியாக இறங்கினேன்.