மூன்றாவது தாள்

மைக்குப்பியின் செப்புப் பட்டையை நான்காவது முறையாகத் துடைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே தள்ளினான். பிரிண்டர் இரண்டு தடவை முனகிவிட்டு மறுபடியும் ஆரஞ்சு விளக்கைக் காட்டியது. கம்பெனி மை இல்லை, அச்சடிக்க முடியாது என்று சின்னத் திரையில் செய்தி வேறு. மூன்று மாதமாக இதே மலிவு மையைக் குடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்த இயந்திரம்தான். போன வாரம் அது அப்டேட் கேட்டபோது என்ன ஏதென்று பார்க்காமல் சரி என்று அழுத்தியிருந்தான்.

பக்கத்து அறையில் அப்பா படுத்திருந்தார். மத்தியானம் தாண்டுவது கஷ்டம் என்று காலையில் வந்த நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தங்கையின் விமானம் சாயங்காலம்தான் இறங்கும். எதற்கும் இருக்கட்டும் என்று, ஏறுவதற்கு முன் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதி அவன் மெயிலுக்கு அனுப்பியிருந்தாள். அப்பாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. போன் வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசும். ‘பெரிய எழுத்துல பிரிண்ட் போட்டு அவர் கையில குடு. நீ படிக்காதே’ என்று அவனுக்குத் தனியாக ஒரு வரி.

அந்த வரியைப் பார்த்ததுமே கடிதத்தில் என்ன இருக்கும் என்று ஊகித்துவிட்டான். ஆறு வருடத்துக்கு முன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போன தங்கை, நாலே மாதத்தில் வரட்டுமா என்று கேட்டாள். அப்பா உன் மூஞ்சியில் முழிக்க மாட்டாராம் என்று பதில் சொன்னது அவன். அப்பா அப்படிச் சொல்லவேயில்லை. அவளுக்கு வர மனமில்லை என்று அப்பாவிடம் சொன்னதும் அவனேதான். ஏன் என்று கேட்டால், அவள் இருந்தால் அப்பாவின் கண் அவள் பக்கமே போகும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் காத்திருந்தான். வைஃபையை அணைத்தான். பழைய கம்பெனிக் குப்பியின் சிப்பைப் பிளேடால் பெயர்த்துப் புதியதில் ஒட்டினான். ஆரஞ்சு விளக்கு அசையவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் மனசுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பிரிண்ட் கடை கிடையாது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசினால் இப்படித்தான் என்று முணுமுணுத்தபடி மனைவி வந்து, தடித்த மார்க்கரையும் நாலு வெள்ளைத் தாளையும் மேசையில் வைத்தாள்.

“கையால எழுதுங்க. இல்ல, நான் எழுதட்டுமா?”

“வேண்டாம், நானே எழுதறேன்,” என்றான் அவசரமாக.

லேப்டாப்பைப் பார்த்து எழுத ஆரம்பித்தான். முதல் இரண்டு தாளிலும் அவள் வீடு, அவள் மகளின் குறும்பு. மூன்றாவது தாளில், ‘ஆறு வருஷமும் வரணும்னுதான்ப்பா இருந்தேன்’ என்று எழுதி முடித்தபோது கை நின்றது. அடுத்த வரியில் அவன் இருந்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு அதைத் தாண்டி அதற்கடுத்ததை எழுதினான்: ‘அதை நான் நம்பியிருக்கக் கூடாது.’ மீதிக் கடிதம் நான்காவது தாளில் முடிந்தது.

தாள்களை நீட்டியதும் அப்பா பென்சில் கேட்டார். நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். பென்சில் இல்லாமல் எதையும் படித்துப் பழக்கமில்லை. பேத்தியின் குறும்பு வந்த இடத்தில் உதடு லேசாக விரிந்தது. மூன்றாவது தாளில் பென்சில் மெல்ல இறங்கி, இரண்டு வரிகளுக்கு நடுவே சின்னதாக ஒரு கூரை போட்டது. எழுத்து விடுபட்டால் போடுகிற குறி.

“இங்க ஒரு வரி விட்டிருக்கு,” என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. பென்சிலை அவன் பக்கம் நகர்த்தினார். “எழுது.”

தெரியாத மாதிரி நிற்க முடியவில்லை. அவன் கட்டிலோரம் முட்டி போட்டு, அந்தக் குறுகிய இடத்தில் எத்தனை பெரிதாக முடியுமோ அத்தனை பெரிதாக எழுதினான்: ‘நீங்க என் மூஞ்சியில முழிக்க மாட்டீங்கன்னு அண்ணன் சொன்னான்.’ எழுதி முடித்துத் தாளைத் தூக்கி அப்பாவின் கண்ணுக்கு நேரே பிடித்தான்.

அப்பாவின் கண் தாள் மேலேயே இருந்தது. அவன் கை வலிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தான். மனைவி வந்து மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு, அவன் தோளைத் தொட்டாள்.

சாயங்காலம் தங்கை வந்தாள். அழுது ஓய்ந்த பிறகு கட்டிலோரம் கிடந்த தாள்களை எடுத்துப் பார்த்தாள். மார்க்கர் எழுத்துக்கு நடுவே இருந்த பென்சில் வரியில் அவள் விரல் நின்றது.

“இதை அப்பா படிச்சாரா?”

ஆமாம் என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளுக்கும் அது போதும், அவனுக்கும் போதும்.

“தெரியல,” என்றான். “கடைசித் தாளை அவர் பார்க்கவே இல்ல.”

அவள் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்து அப்பாவின் காதருகே போட்டு உட்கார்ந்து, அண்ணனின் கையெழுத்தில் இருந்த நான்காவது தாளைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.