நட்சத்திரம் போட்ட வீடுகள்

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வடக்குப் பக்கத்தைச் சுற்றிப் பார்க்க யாராவது காலால் நடந்து வருவார்களா என்று கேட்டால் அங்கே பிறந்து வளர்ந்தவர்களே சிரிப்பார்கள். வெர்லீன் மேப்ரி சிரிக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில், முழங்கால் வலியோடு, ஒரு கையில் கடிகாரமும் மறு கையில் பள்ளிக்கூட நோட்டுமாக ஹாலர்ட் தெருவை ஒரு மாதமாக மேலும் கீழும் அளந்துகொண்டிருந்தாள்.

எல்லாம் ஒரு கடிதத்தால் வந்தது. நகராட்சியில் பழைய கட்டடங்களைக் கவனிக்கும் அலுவலகம் எழுதியிருந்தது. அக்டோபர் கடைசியில் ஆள் வந்து எண்ணும்போது தெருவில் பன்னிரண்டு வீடுகளாவது முழுதாக நிற்க வேண்டும். வெளியாட்கள் வந்து பார்க்கிற இடம் என்பதற்கும் ஏதாவது அத்தாட்சி காட்ட வேண்டும். இரண்டும் இருந்தால் தெரு பாதுகாப்புப் பட்டியலில் சேரும். இல்லாவிட்டால் இடிக்கிற பட்டியலில். இப்போது நிற்பவை பதினான்கு. ஒன்பதில் ஆள் இருந்தது, ஐந்து காலி.

பதினான்காவது வெர்லீனுடையது. அது போனால் அவளுக்கு மிச்சம் டல்லாஸில் மகள் வீடு, அதில் சலவை இயந்திரத்துக்கு அடுத்த அறை. மகள் நல்லவள்தான். ஆனால் “வந்துடும்மா” என்று சொல்வதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு விடுவாள். அது தொலைபேசியிலேயே வெர்லீனுக்குக் கேட்கும். அந்தப் பெருமூச்சோடு ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது என்று அவள் தீர்மானம் பண்ணியிருந்தாள்.

அதனால்தான் இந்த நடைத் தாள். கூட்டிக்கொண்டு போக வழிகாட்டி கிடையாது, கட்டணம் கிடையாது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நம்பர் பார்த்து, அவரவர் பாட்டுக்கு நடக்கலாம். பதினான்கு வீடு, பதினான்கு நம்பர்.

துணைக்கு எதிர்வீட்டு கிளியோட்டிஸ். செங்கல்லுக்கு நடுவே உதிர்ந்த சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுப் புதுச் சுண்ணாம்பு வைத்துப் பூசும் வேலையில் நாற்பது வருடம் இருந்தவர். இடுப்பு போனபிறகு முன்வாசல் நாற்காலியில் உட்கார்ந்து உலகத்தைத் திட்டுவது மட்டும்தான் வேலை.

“நாலாம் நம்பர்ல இருந்து அஞ்சாம் நம்பருக்கு ரெண்டு நிமிஷம்,” என்று நோட்டில் எழுதினாள் வெர்லீன்.

“அது உங்க நடைக்கு, மிஸ் வெர்லீன். வர்றவன் எல்லாம் வாத்து மாதிரி ஆடி ஆடியா வருவான்?”

“வாத்தோ கோழியோ, நடக்கிறது நான். நீ உக்காந்த எடத்துல வேர் விட்டுட்ட.”

“சரி, நடுவுல ஒருத்தனுக்கு ஒண்ணுக்கு வந்துட்டா?”

அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம்தான். சர்ச் ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் பூட்டு. மூலையில் இருந்த சீனர் கடையில் முட்டை அடை வைத்த சாண்ட்விச் ஒன்று வாங்கினால் உள்ளே விடுவார்கள். அதையும் எழுதிக்கொண்டாள். மத்தியானம் எந்தப் பக்கம் நிழல், எங்கே கொஞ்சம் உட்காரலாம், எந்த நடைபாதையில் கல் பெயர்ந்திருக்கிறது, எல்லாம் எழுதினாள். கல்யாணத்துக்குப் பந்தி போடுகிறவள்கூட அவ்வளவு பார்க்க மாட்டாள்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒருத்தர் வீட்டுக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தால் உடனே கதவு திறக்கும். “உங்களுக்கு ஏதாவது உதவி வேணுமா?” என்று கேட்பார்கள். உதவி செய்வதற்காகக் கேட்கிற கேள்வியில்லை அது. ஆள் இருக்கிற வீட்டை வெறித்துப் பார்ப்பது அங்கே பெரிய அவமரியாதை. வருகிறவர்களும் சங்கடப்படக் கூடாது, இருக்கிறவர்களும் முகம் சுளிக்கக் கூடாது. வெர்லீன் இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். காலி வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டாள். நான்கு, ஆறு, ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு. அடியில் தடித்த எழுத்தில் எழுதினாள்: ‘நட்சத்திரம் போட்ட வீடுகளில் யாரும் குடியில்லை. படியேறலாம், பின்பக்கம் போய்ப் பார்க்கலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். யாருக்கும் தொந்தரவில்லை.’

“சுவர் பத்தியும் எழுதுங்க,” என்றார் கிளியோட்டிஸ். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “பதினொண்ணாம் நம்பர் பின்சுவர் இருக்கே, ஊர்லயே அந்த மாதிரி செகப்பு கெடையாது. சிமெண்ட் இல்ல, வெறும் சுண்ணாம்பு. நகத்தால கீறினா உதிரும். நூத்திருபது வருஷமாச்சு, இன்னிக்கி எடுத்தாலும் ஒரு மூளி இல்லாம முழுசா வரும் கல்லு. எழுதுங்க!”

எழுதினாள். அவர் சொன்னது சொன்னபடியே எழுதினாள்.

செங்கல் திருடர்கள் இருப்பது தெரியாத ஊரா அது? தெற்கு மாநிலங்களில் புதுப் பணக்காரர்கள் கட்டுகிற வீடுகளுக்கு இந்த ஊர்ப் பழைய செங்கல் என்றால் உயிர். பக்கத்து வட்டாரத்தில் தெருத் தெருவாகக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும், வெர்லீனுக்கும் தெரியும். ஆனால் திருடன் நூலகத்துக்குப் போய்த் தாள் எடுத்துப் படிப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

ஐந்நூறு பிரதி அடித்து நூலகத்திலும், தெற்குப் பக்கக் காபிக் கடைகளிலும், நகர மையத்தில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையிலும் வைத்தாள். பத்தே நாளில் பாதிக்கு மேல் போய்விட்டது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

“பாத்தியா கிளியோட்டிஸ்? சனங்களுக்கு ஆசை இருக்கு.”

“தாளு போகுது. ஆளு வரக் காணோமே.”

“உன் வாயில நல்லதே வராதா?”

முதல் தீ ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சர்ச்சில் இருந்த நேரத்தில் வந்தது. நான்காம் நம்பர். தீயணைப்பு வண்டி வந்து அடித்த தண்ணீரில் தெருவே குளமானது. மறுநாள் பக்கச் சுவர் தானாகச் சரிந்தது. புதன்கிழமை பார்த்தால் சரிந்த கல்லில் ஒன்றுகூட இல்லை. பழைய மின்கம்பி, பொறி பட்டிருக்கும் என்றார்கள். பத்து நாள் கழித்து ஒன்பதாம் நம்பர். அதற்கும் ஏதோ காரணம் சொன்னார்கள். பதினான்கு பன்னிரண்டானது. இனி ஒன்று போனாலும் தெரு போச்சு.

ஒன்பதாம் நம்பர் பின்னால் புதருக்குள் கிளியோட்டிஸ் எதையோ கைத்தடியால் கிளறி எடுத்து வந்தார். அவளிடம் கொடுக்காமல் சற்று நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“உக்காந்துக்கோங்க, மிஸ் வெர்லீன்.”

அவளுடைய தாள். நான்கின் நட்சத்திரத்தின் மேல் பேனாவால் ஒரு டிக். ஒன்பதின் மேல் ஒரு டிக். பதினொன்றைச் சுற்றி வட்டம். ‘நகத்தால் கீறினால் உதிரும்’ என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு.

வெர்லீன் அதை மூன்று தடவை படித்தாள். திருடன் கையில் சாவியைக் கொடுத்தவர்கள் உண்டு. எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று எழுதியும் கொடுத்தது தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. வீடு போன துக்கத்தைவிட அது பெரிதாக இருந்தது.

“நான்தானே சொன்னேன், சுவர் பத்தி எழுதுங்கன்னு,” என்றார் கிளியோட்டிஸ்.

“நீ சொன்ன. எழுதினது என் கை.”

கடை கடையாகப் போய் மிச்சத் தாள்களைப் பொறுக்கினாள். நூற்று நாற்பது கிடைத்தது. போலீசுக்குப் போன் செய்தாள். வீட்டுச் சொந்தக்காரர் வந்து புகார் கொடுக்கட்டும் என்றார்கள். சொந்தக்காரர் வேறு மாநிலத்தில் ஏதோ கம்பெனி. அங்கே போனை எடுத்தது ஒரு பதிவு செய்த குரல். கடைசியில் இருவருமே பதினொன்றாம் நம்பரைக் காவல் காப்பது என்று முடிவானது. ஆள் குடியிருப்பது போலத் தெரியட்டும் என்று வெர்லீன் தன் வீட்டுத் திரைகளைக் கழற்றி அதன் ஜன்னல்களில் மாட்டினாள். வாசலில் இரண்டு நாற்காலி போட்டு, காலையிலிருந்து இருட்டும்வரை முறை வைத்து உட்கார்ந்தார்கள். மழையில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இருட்டிய பிறகு உள்ளே ஒரு பேட்டரி விளக்கு எரிந்தது. பதினாறு நாள் ஒன்றும் நடக்கவில்லை. கிளியோட்டிஸ்கூட ஒரு நாள் சீட்டி அடித்தார்.

பதினேழாம் நாள் கடிதம் எழுதிய நகராட்சி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். தெருவாசிகள் இரண்டு பேர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். மற்ற வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். போகாவிட்டால் விண்ணப்பமே செல்லாது, போனால் வாசலில் ஆள் இல்லை. போனார்கள். இரண்டே மணி நேரம். திரும்பிவந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே புகை மூக்கில் ஏறியது.

பதினொன்றின் கூரை எரிந்துகொண்டிருந்தது. தீயணைப்புக்காரர்கள் குழாயைத் தூக்கிப் பின்சுவரைப் பார்த்துத் திருப்பினார்கள். கிளியோட்டிஸ் அந்த இடுப்போடு ஓடினார்.

“தண்ணிய நிறுத்துங்கப்பா! எரிஞ்சா எரியட்டும், சுவர் நிக்கும்! தண்ணி பட்டா சுண்ணாம்பு கரைஞ்சிரும்! அவனுங்க எதிர்பாக்குறதே அதைத்தான்யா!”

“பெரியவரே, தள்ளி நில்லுங்க.”

“உன் கால்ல விழறேன், நிறுத்து!”

நிறுத்துவார்களா? தீயை அணைப்பது அவர்கள் வேலை. நன்றாகவே செய்தார்கள். சாயங்காலம் பின்சுவர் வயிறு தள்ளி, ஒரு தரம் முனகி, தோட்டத்தில் விழுந்தது. கல் ஒன்றுகூட உடையவில்லை. கிளியோட்டிஸ் சொன்னது அவ்வளவும் உண்மை. இருட்டு வருவதற்குள் இருவரும் கொஞ்சம் கல்லைப் பொறுக்கி அடுக்கப் பார்த்தார்கள். இருபது அடுக்குவதற்குள் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. காலையில் அந்த இருபதும் இல்லை.

அக்டோபர் கடைசியில் எண்ண வந்தவர் பெயர் ப்ராக்மையர். சிவந்த முகம், நல்ல மனுஷர். தெருவைக் கண்டுபிடிக்க வெர்லீனின் தாளையே கையில் வைத்திருந்தார். பதினொன்றுக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

“முன்சுவர் நிக்குதுங்களே,” என்றாள் வெர்லீன். “கதவு இருக்கு. ஜன்னல்ல திரைகூட இருக்கு, பாருங்க.”

“கூரையில்ல, பின்னால ஒண்ணுமே இல்ல. இத வீடுன்னு நான் எப்படிம்மா எழுதுவேன்?”

“எழுதுங்க. யாரு வந்து பாக்கப் போறா?”

“எனக்குப் பின்னால ஒருத்தர் வந்து பாப்பாரும்மா.”

நிற்கும் வீடுகள் பதினொன்று என்று எழுதினார். மற்றவர்களைப் போல ஆறுதல் சொல்லி அவளை நோகடிக்காமல், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். வசந்தத்துக்குள் எல்லோரும் காலி பண்ண வேண்டியிருக்கும் என்றார். கிளியோட்டிஸ் காறித் துப்பினார். வெர்லீனுக்கு அழுகை வரவில்லை. மகளுக்கு எப்போது போன் செய்வது, அந்தப் பெருமூச்சை எப்படிக் கேட்பது என்று மட்டும் மனம் ஓடியது.

“ஆனா உங்க வேலை வீண் போகலம்மா,” என்று ப்ராக்மையர் பைக்குள் கையை விட்டார். “பக்கத்து வார்டுல எர்னஸ்டின்னு ஒரு அம்மா. உங்க தாளப் பாத்துட்டு அதே மாதிரி போட்டிருக்காங்க. எங்க ஆபீஸ்ல எல்லாரும் அசந்துட்டாங்க. அவங்க தெருவ ஏப்ரல்ல எண்ணுறோம்.”

பளபளவென்று நல்ல தாள். இருபத்திரண்டு வீடு. வரிக்கு வரி அவள் எழுதியதுதான், தெருப் பெயர் மட்டும் வேறு. எட்டு வீடுகளுக்கு நட்சத்திரம்.

“எத்தனை அடிச்சாங்க?”

“ரெண்டாயிரம். போன வாரமே ஊரெல்லாம் குடுத்தாச்சு.”

அவர் எர்னஸ்டினின் போன் நம்பரைச் சொல்லச் சொல்ல அங்கேயே நின்று அழுத்தினாள். விரல் இரண்டு தடவை தவறியது. மறுமுனையில் எடுத்த பெண்ணுக்கு யார் பேசுகிறார்கள் என்று தெரிந்ததும் சந்தோஷம் தாங்கவில்லை.

“மிஸ் வெர்லீனா! அய்யோ, நானே உங்களக் கூப்பிடணும்னு இருந்தேன் கண்ணு! கடவுள் உங்கள நல்லா வச்சிருக்கணும்!”

“எர்னஸ்டின், நான் சொல்றதக் கேளு. அந்த நட்சத்திரத்த—”

“அதத்தான் சொல்ல வந்தேன்! அதுதான் எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. நேத்திக்கே மொத ஆளுங்க வந்துட்டாங்க. ரெண்டு பேரு, நல்ல மரியாதையான பசங்க. ஒரு வீடு விடாம நின்னு பாத்தாங்க. பின்னால போயி சுவரெல்லாம் அளந்து எழுதிக்கிட்டாங்கன்னா பாருங்களேன்! நான் எலுமிச்சை ஜூஸ் போட்டுக் குடுத்தேன். மறுபடியும் வர்றோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க.”