மாப்பிள்ளையின் முதல் சவரக்கத்தி (நான்காம் வரைவு)

1.

இந்தக் கதை என் தங்கை வீட்டு வாஷிங்மெஷினுக்குப் பின்னால் கிடந்தது. கண்டெடுத்தவள் அவள்தான். நான் எழுத்தாளன் என்பதால் என்னைக் கூப்பிட்டாள் என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையில், நான் பக்கத்துத் தெருவில் இருக்கிறேன், பகலில் வீட்டில் இருக்கிறேன், ஆகவே வெட்டியாக இருக்கிறேன் என்பது அவள் கணிப்பு.

"அண்ணே, கொஞ்சம் வந்துட்டுப் போ."

"எழுதிக்கிட்டு இருக்கேன்."

"அது எங்கயும் ஓடிப் போயிடாது. வா."

போனேன். சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டை விரித்து, நடுவில் ஒரு சவரக்கத்தியை வைத்திருந்தாள். மடக்கிப் பிரிக்கிற ரகம். புத்தம் புதிது. அலகு முழுக்க நெருப்பு கக்கும் ஒரு டிராகன். கைப்பிடியில் இன்னொரு டிராகன், முதல் டிராகனைப் பார்த்துப் பயந்ததுபோல் சுருண்டிருந்தது.

"யாருது?"

"உன் மாப்பிள்ளையோடது. இந்த வீட்ல வேற யாரு இருக்கா?"

"அவர்கிட்டயே கேக்க வேண்டியதுதானே?"

"நீ கேளு." குரல் இறங்கியது. "கொஞ்ச நாளா அவரு சரியாப் பேசுறதில்லண்ணே. வேலை முடிஞ்சு வந்தா செவுத்தப் பாத்து உக்காந்துக்குறாரு. இப்ப இதை வேற ஒளிச்சு வச்சிருக்காரு."

[என் தங்கை ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். கத்தியால் என்னென்ன ஆகும் என்று அவளுக்கு மனப்பாடம். அவள் எதை நினைத்துப் பயந்தாள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்திரிகைக்கு நகைச்சுவைக் கதை தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் இந்த அடைப்புக்குறியை அழிக்கக் கை வரவில்லை.]

2.

தொடக்கம், முதல் முயற்சி:

"மின்னலென ஒளிர்ந்த அந்தக் கத்தியின் கூர்மையில் அவன் தன் விதியை"

நிறுத்திவிட்டேன். அந்தக் கத்தி வெண்ணெயைக்கூட வெட்டாது என்று அன்று மாலையே தெரிந்துவிட்டது.

இரண்டாம் முயற்சி:

"மனிதன் ஏன் முகத்தை மழித்துக்கொள்கிறான்? இவ்வினாவை நாம் சற்றே ஆழமாக அணுகுவோமாயின்"

எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாம் முயற்சி: "ஒரு ஊரில் ஒரு பெயின்டர் இருந்தார்." இது சரி. பொய்யே இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு ஊரில் ஒரு பெயின்டர் இருந்தார். அடிபட்டு வரும் கார்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறவர். என் தங்கையின் கணவர். அவர் அடித்த கதவுக்கும் பழைய கதவுக்கும் நிற வித்தியாசம் காட்டுகிறவர்களுக்குப் பரிசு தருவதாகப் பட்டறையில் ஒரு பந்தயமே உண்டு. யாரும் ஜெயித்ததில்லை. அன்று மாலை அவரைப் பேருந்து நிறுத்தத்திலேயே மடக்கினேன்.

"மாப்ள, டிராகன் யாரோடது?"

அவர் முகம் வெளுத்தது. வெளுத்த முகத்தில் தாடையோரம் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகக் கட்டிகள்.

"அவ பாத்துட்டாளா?"

"துண்டு விரிச்சுப் படுக்க வச்சிருக்கா."

"மச்சான், அவகிட்ட சொல்லிடாதீங்க. என்னை பெயின்ட் அறைலேர்ந்து எடுத்துட்டாங்க. இப்ப பேக்கிங்ல இருக்கேன். பம்பரை அட்டைப்பெட்டில போட்டு டேப் ஒட்டுறேன்."

பட்டறைக்குப் புதிய விதி வந்திருந்தது. பெயின்ட் அறையில் நிற்பவர்களின் முகமூடி காற்றுப் புகாமல் முகத்தோடு ஒட்ட வேண்டும். அதற்கு முகம் மழமழவென்று இருக்க வேண்டும். இவர் மழித்தால் கட்டி வருகிறது. வெட்டிய முடி சுருண்டு தோலுக்குள்ளேயே வளர்கிறது. கட்டிமேல் முகமூடி உட்காருவதில்லை. மழிக்காமல் விட்டால் தாடிமேல் உட்காருவதில்லை. சோதனையில் தோற்றுவிட்டார். தோல் டாக்டர், "அஞ்சு பிளேடு வச்சு இழுக்குறதை விடுங்க, ஒரே அலகு போதும்" என்றிருக்கிறார்.

[ஒற்றை பிளேடு ரேசரே போதுமே என்று கேட்கும் வாசகருக்கு: நானும் கேட்டேன். "போதும்தான் மச்சான். ஆனா பிளேடு வாங்கிட்டே இருக்கணும். கத்தின்னா ஒரு தடவை வாங்கினா சாகுற வரைக்கும் வரும்" என்றார். வரைவில் இந்த வரியைப் படித்த தங்கை, 'சாகுற வரைக்கும்' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு 'ரொம்ப நாளைக்கு' என்று எழுதினாள். இரண்டையும் விட்டுவைக்கிறேன்.]

அப்படித்தான் இணையத்தில் ஒரு 'முழு செட்' வாங்கினார். கத்தி, தீட்டும் தோல்வார், பிரஷ், சோப்பு, கிண்ணம், எல்லாம் வெல்வெட் பதித்த மரப்பெட்டிக்குள். விலையோ ஒரு ஜோடி செருப்பைவிடக் குறைவு. பிரஷ் முதல் நாளே வழுக்கை ஆனது. தோல்வாரில் தோல் இல்லை. கத்தி, கன்னத்தில் வைத்து இழுத்தால் நுரையை மட்டும் அழகாக வழித்தது.

"பெட்டிதான் மச்சான் நல்ல பெட்டி," என்றார். "அதுல அவளோட ஊசி நூலெல்லாம் வச்சுக்கலாம்."

3.

இங்கே ஒரு பழைய சாமான் கடைக்காரர் வருகிறார். எழுதும்போது அவர்மீது எனக்குச் சந்தேகம் வந்தது. பூட்டு, கடிகாரம், கைப்பிடி போன குடை என்று குவித்துவைத்து நடுவில் உட்கார்ந்திருப்பவர் கதையில் வந்தாலே வாழ்க்கையைப் பற்றி ஏதாவது சொல்லித் தொலைப்பார். இவரும் சொல்வார் என்றுதான் பேனாவோடு காத்திருந்தேன். அவருக்கோ பல்வலி. கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், கையில் ஐஸ் பையோடு இருந்தார்.

விடுமுறை நாளன்று நானும் மாப்பிள்ளையும் போயிருந்தோம். இந்த முறை மாப்பிள்ளை தயாராக வந்திருந்தார். காசு முழுவதும் கத்திக்கு, மற்றதெல்லாம் வீட்டில் இருப்பதை வைத்துச் சமாளிப்பது என்று திட்டம். கைப்பிடி உடைந்திருந்தாலும் பரவாயில்லை, அலகில் பல்லோ விரிசலோ இருக்கக்கூடாது என்றார். குவியலைக் கிளறி ஒரு கறுத்துப்போன கத்தியை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒற்றைக் கண்ணால் விளிம்பைப் பார்த்தார். கார் கதவில் நெளிவு பார்ப்பாரே, அதே பார்வை.

"எவ்வளவுங்க?"

கடைக்காரர் விரல்களைக் காட்டினார். எங்களிடம் அவ்வளவு இல்லை.

என் மாப்பிள்ளைக்குப் பேரம் பேச வராது. காய்கறிக் கடையில் சொன்ன விலைக்கு மேல் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டு வருகிற ஆள். ஆனால் எதிரே இருப்பவரால் பேச முடியாது என்றதும் அவருக்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிட்டது.

"துரு புடிச்சிருக்கு பாருங்க. கைப்பிடி ஆடுது. இதை வாங்கிட்டுப் போயி நான் சரி பண்ணணும்."

கடைக்காரர் "ம்ம்ம்" என்றார். அதில் கெட்ட வார்த்தை ஒன்று இருந்தது என்று நினைக்கிறேன். ஒரு விரலை மடக்கினார்.

"இன்னொண்ணு மடக்குங்க."

வலியில் கண்ணை மூடிக்கொண்டு மடக்கினார். கத்தி எங்களுடையது ஆனது. கிளம்பும்போது மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. "கிராம்பு எண்ணெய் பஞ்சுல நனைச்சு வச்சுக்குங்க. நாளைக்கே பல் டாக்டரப் பாருங்க, என் வீட்டுக்காரி நர்ஸு, அவ இதத்தான் சொல்லுவா," என்றார். கடைக்காரர் எங்களை நோக்கி ஐஸ் பையை ஆட்டினார். அது ஆசீர்வாதமா மிரட்டலா என்று தெரியவில்லை.

4.

அடுத்த சில நாட்கள் மாப்பிள்ளை உயிரோடு இருந்தார். [தங்கை: "அப்போ அதுக்கு முன்னாடி?" சரி, மாற்றுகிறேன்.] அடுத்த சில நாட்கள் மாப்பிள்ளை உற்சாகமாக இருந்தார். என் வீட்டு மொட்டைமாடிதான் பட்டறை. கார் பெயின்டைத் தேய்க்கிற உப்புத்தாளில் மிக நைசான ரகத்தை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டி, தண்ணீர் விட்டு, கத்தியைப் படுக்கவைத்து முன்னும் பின்னுமாகத் தள்ளினார். முதுகு தாளை விட்டு எழக்கூடாதாம்.

"கத்தியோடதா, உங்களோடதா?" என்றேன்.

"ரெண்டும்தான் மச்சான்."

பிரஷ்ஷுக்கு, பட்டறையில் மூலைமுடுக்குக்குப் பூசுகிற புதுப் பெயின்ட் பிரஷ். கிண்ணத்துக்கு என் டீ கப். தீட்டும் வாருக்கு அவர் இடுப்பு பெல்ட். வீட்டிலேயே அசல் தோல் அது ஒன்றுதான். ஒரு முனையைக் கதவுக் கொக்கியில் மாட்டி, மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஒரு கையால் கத்தியைத் தீட்டி, இன்னொரு கையால் பேன்ட்டைப் பிடித்திருந்தார். ஒரு கட்டத்தில் கத்தியா பேன்ட்டா என்று முடிவெடுக்க வேண்டிவந்தது. கத்தியை விடவில்லை.

என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி அலகின்மேல் போட்டார். முடி இரண்டாக விழுந்தது. எழுத்தில் நான் பலமுறை வர்ணித்து ஏமாந்த அமைதி, அப்போது மாடியில் சும்மாவே இருந்தது.

5.

முதல் சவரம் அவர் வீட்டுக் குளியலறையில், தங்கை வேலைக்குப் போயிருந்த மத்தியானத்தில். நான் வாசலில் நின்று, கைப்பேசியைப் பார்த்துக் குறிப்புகள் வாசித்தேன்: தோலை இழுத்துப் பிடிக்கவும், கத்தியைச் சாய்த்துப் பிடிக்கவும், அவசரம் கூடாது. வலது கன்னம் முடிந்தது. அப்போது தங்கை வந்துவிட்டாள்.

இதற்குப் பிறகு நான் எழுதியிருந்தது:

"அவள் மெல்ல உள்ளே வந்தாள். அவன் கையிலிருந்து கத்தியை வாங்கினாள். எத்தனையோ காயங்களைத் தைத்த அந்த விரல்கள் அவன் கன்னத்தில் ஒரு பூவைப்போல்"

தங்கை இதைப் படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தாள்.

"நான் எப்பண்ணே கத்திய வாங்கினேன்?"

"ஒரு அழகுக்காக."

"நான் உள்ளயே வரல. நடந்ததை எழுது."

நடந்தது இது. கணவர் கழுத்தில் கத்தியோடு நிற்பதைப் பார்த்தாள். கைப்பை கீழே விழுந்தது. பிறகு என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீ முதல்ல வெளிய வா. நீ வாசிக்குறதக் கேட்டே அவரு அறுத்துக்குவாரு." கதவைச் சாத்திவிட்டாள். சாத்திய பிறகுதான், தான் யாரை எதோடு உள்ளே தனியாக விட்டிருக்கிறோம் என்று உறைத்தது போலிருக்கிறது. கதவில் காதை வைத்தாள்.

"பேசிக்கிட்டே இருங்க!"

"பேசினா கன்னம் ஆடும்!"

"அப்ப விசில் அடிங்க!"

"அதுக்கும் ஆடும்!"

"நீங்க இருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

உள்ளேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். காலால் பிளாஸ்டிக் வாளியைத் தட்டியிருக்கிறார். ஓர் இழுப்பு, ஒரு டொக். இன்னோர் இழுப்பு, இன்னொரு டொக். என் தங்கை கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு டொக்குக்கும் அவள் தோள் கொஞ்சம் கீழே இறங்கியது.

தாடைக்கு அடியில் வந்தபோது சத்தம் நின்றது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். என்னை பேக்கிங்குக்கு மாத்திட்டாங்க. போன மாசமே."

அவள் கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். என் முழங்காலில் ஒரு குத்து விழுந்தது.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"அட லூசு மனுஷா!" என்று கத்திக் கதவை ஓங்கி அறைந்தாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கதவு அதிர்ந்ததில் உள்ளே இருந்தவர் கை ஆடிப்போய், மோவாய்க்கு அடியில் கடுகளவு வெட்டு. முதல் சவரத்தில் ஏற்பட்ட ஒரே காயம் அது. அதற்கு அவள் கொண்டுவந்த மருந்துப்பெட்டி, ஒரு பேருந்து விபத்துக்குப் போதும்.

6.

முடிவு.

மாப்பிள்ளை தினமும் கத்தியாலேயே மழித்தார். கட்டிகள் அடங்கின. மறுசோதனைக்குப் பெயர் கொடுத்தார். எனக்கு முடிவு தெரியும். (அ) தேறினார், (ஆ) தோற்றார் என்று இரண்டையுமே எழுதி அவரிடம் காட்டினேன்.

"ரெண்டையும் போடாதீங்க மச்சான்," என்றார். "பாஸுன்னு போட்டா சவரக்கத்தி விளம்பரம் மாதிரி இருக்கும். ஃபெயிலுன்னு போட்டா படிச்சவன்லாம் வந்து துக்கம் விசாரிப்பான்."

நியாயம்தான். ஆகவே சோதனை வாசல்வரை கொண்டுபோய் உங்களை விட்டுவிடுகிறேன்.

சோதனை எளிது. முகமூடியை மாட்டி, தலைக்குமேல் ஒரு பிளாஸ்டிக் கூடாரம் கவிழ்ப்பார்கள். அதற்குள் இனிப்புக் கலந்த புகையைப் பீய்ச்சுவார்கள். முகமூடி ஒட்டியிருந்தால் நாக்கில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் வழி இருந்தாலும் இனிக்கும். இனித்ததா இல்லையா என்பது உள்ளே இருப்பவருக்கு மட்டுமே தெரியும். வேறு சாட்சி கிடையாது. வாயைத் திறந்து "இல்லை" என்றால் பெயின்ட் அறை. "இனிக்குது" என்றால் அட்டைப்பெட்டியும் டேப்பும்.

அன்று காலை தங்கை அவருக்குச் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுச் சொன்னாள்: "இனிச்சா இனிக்குதுன்னு சொல்லிடுங்க. அந்த பெயின்ட் புகை உங்க நெஞ்சுக்குள்ள போறதுக்கு, நீங்க டேப்பே ஒட்டிக்கிட்டு இருங்க. எனக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல."

அவர் தலையாட்டினார். ஆனால் பெயின்ட் அறைக் கண்ணாடி வழியே, பாதி அடித்த ஒரு நீலக் கதவு ஸ்டாண்டில் தொங்குவதைப் பார்த்தபடிதான் நாற்காலியில் உட்கார்ந்தார். வேறு யாரோ அடித்தது. ஓரத்தில் வழிந்திருந்தது.

கூடாரம் கவிழ்ந்தது. மேற்பார்வையாளர் புகை பீய்ச்சும் ரப்பர் பந்தை அழுத்தினார். புஸ். தலையை இடம் வலம் திருப்பச் சொன்னார். மறுபடி புஸ். மழமழத்த தாடையைச் சுற்றி ரப்பர் விளிம்பு. உள்ளே ஒரு நாக்கு, காத்துக்கொண்டு.

"ஏதாவது தெரியுதாங்க?"

அடுத்த வரி உங்களுடையது. எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: இனித்தால், இனித்தது என்றே எழுதுங்கள்.