ரௌஷான் எழுதிய மூன்று பதில்கள்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. கஜகஸ்தானின் கரகண்டா நகரச் சந்தையில், குதிரைக்கறி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ரௌஷான் சொன்னது. நான் இந்த ஊரோடு ஒட்டி இருபத்திரண்டு வருடமாகிறது. எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஆங்கில ஆசிரியை ரௌஷான். வரிசை நீளம், கதையும் நீளம். அவருடைய முறை வந்தபோது கதை பாதியில் நின்றது. பின்னால் இருந்த பெரியவர், "சொல்லி முடிம்மா, கறி எங்க ஓடிடப் போகுது" என்றார்.

(வரிசையில் நின்ற ரௌஷான் எனக்கு 'அவர்'. கதைக்குள் நுழைந்ததும் 'அவள்' ஆகிவிடுவார். தமிழில் எழுதுகிறவனுக்கு இது ஒரு தீராத தொல்லை. அவருக்கும் இதே மாதிரி ஒரு தொல்லை இருந்தது, அதற்கு வருகிறேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'உலகம் அழிந்து எண்பது ஆண்டுகள் கழித்து, ஒரு சிவந்த அந்தியில்...'

வேண்டாம். உலகம் அழிந்தது கணினி விளையாட்டில். ரௌஷான் உட்கார்ந்திருந்தது அவள் சமையலறையில்.

3

1998, இலையுதிர் காலம். விளையாட்டு வட்டுகளைத் திருட்டு நகலெடுத்து விற்கும் சாமத், ஒரு பழைய கணினியை அவள் மேசையில் கொண்டுவந்து வைத்தான். ஆங்கில விளையாட்டு ஒன்றை ஒரே மாதத்தில் ரஷ்ய மொழிக்கு மாற்றித் தர வேண்டும். கணினியே கூலி.

"வெளையாட்டக் காட்டு, பாத்துட்டு எழுதறேன்."

"இந்தப் பொட்டியில அது ஓடாது டீச்சர். பேச்ச மட்டும்தான் படிக்கலாம்."

குண்டுகள் விழுந்து முடிந்த உலகம். பாழ்நிலத்தில் ஊர் ஊராக அலையும் ஒருவன். எதிர்ப்படுகிறவர்களுக்கு அவன் என்ன பதில் சொல்வது என்பதை ஆடுகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். படமில்லை, முகமில்லை, எண்ணிட்ட வரிகள், ஆயிரக்கணக்கில்.

ரஷ்ய மொழியில் 'நான் பார்த்தேன்' என்று எழுதவே, பார்த்தது ஆணா பெண்ணா என்று தெரிந்தாக வேண்டும். ஆங்கிலம் அதைச் சொல்லாது. சுரங்கத்தில் மின் வேலை பார்த்த அவள் கணவன் போலாத், சூப் குடித்துக்கொண்டே தீர்ப்பு வழங்கினான்.

"இந்த ஊர் வாசக்காவல் ஆம்பளதான். துப்பாக்கி வெச்சிருக்கான்ல."

"ஏன், உங்க சுரங்க வாசல்ல ல்யூபா நிக்கல? அவளுக்கு வாயே போதும். துப்பாக்கியும் குடுத்தா எப்படி இருக்கும்னு பாரு."

போலாத்துக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. காவலாள் பெண்ணானாள். ல்யூபாவின் பேச்சும் அப்படியே ஏறியது: "கால நல்லாத் தொடச்சிட்டு உள்ள போ. இப்பத்தான் கூட்டினேன்."

4

கடைசிக் கோப்பைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. வட்டில் கீறல்.

"நீங்களே எழுதிடுங்க டீச்சர்" என்றான் சாமத். "முடிவு வரைக்கும் எவன் வெளையாடப் போறான்?"

அதே வாரம் போலாத்தின் சுரங்கத்தை மூடினார்கள். எண்ணெய்க் கிணற்று வேலைக்கு மேற்கே அத்திராவ் போவதென்று அவன் முடிவு செய்தான்.

(ரயில் நிலையப் பிரிவுக் காட்சியை மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் பனி பெய்தது. அடித்துவிட்டேன். பகல் ரயிலில், ஒரே பையோடு போனான். அவர் சொன்னது அவ்வளவே.)

அவள் முடிவை எழுதினாள். அலைந்தவன் சொந்த ஊர் திரும்புகிறான். கிணற்றடியில் ஒரு பெண் அவனிடம் ஏதோ கேட்கிறாள். மூன்று பதில்கள்.

5

இரண்டாயிரத்தில் சாமத் ஒரு விளையாட்டுக்கூடம் திறந்தான். பள்ளி விட்டு அந்த வழியாக வந்த ரௌஷான் உள்ளே எட்டிப் பார்த்தாள். திரையில் அந்த வாசல்காவல்: ஆறடித் தாடிக்காரன், தோளில் துப்பாக்கி. 'இப்பத்தான் கூட்டினேன்' என்றான், ரஷ்யப் பெண்பாலில். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது.

அவளுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "அத மாத்திடலாமா சாமத்?"

"ஐயோ டீச்சர், தாடிக்கார ல்யூபாவப் பாக்கத்தான் வர்றாங்க. கைய வெச்சிடாதீங்க."

அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு இரண்டு மாதம், தினமும் பள்ளி விட்டதும் அங்கேதான். எல்லோருடைய பேச்சும் மனப்பாடம்; முகங்கள்தான் புதிது. கிழவன் என்று நினைத்திருந்த மருத்துவன் அரும்பு மீசை இளைஞன். அவள் கடுகடுவென்று பேசவைத்த வியாபாரிக்கு ஒரு கை இல்லை. அது தெரியாமல் போயிற்றே என்று அன்று முழுக்க வருத்தம். பாழ்நிலம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "பக்கத்து ஊரு தெமிர்தாவ் போற ரோடு மாதிரிதான். மரம் மட்டும் வெளையாட்டுல கொஞ்சம் ஜாஸ்தி."

வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த இரண்டு மாதங்கள் வேறு இல்லை என்றும் சொன்னார், கறியின் கொழுப்பை விரலால் அழுத்திப் பார்த்தபடியே.

6

அந்தக் கோடையில் போலாத் விடுப்பில் வந்தான். அதற்குள் கடிதங்கள் வாழ்த்து அட்டைகளாகி, அட்டைகளும் பண்டிகைக்கு மட்டும் என்று ஆகியிருந்தன.

(போலாத்தை நான் நம்பவில்லை. அங்கே இன்னொருத்தி இருந்தாளா? கேட்டேன். "நானே கேக்கல, நீ ஏன் கேக்கற?" என்றார்.)

மறுநாள் காலை அவனைச் சாமத்தின் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். தான் முடிவுக்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்த ஆட்டத்தைத் திறந்து கொடுத்தாள். அவன் கிணற்றடி வரை நடந்தான். 'வந்துட்டியா?' என்று கேட்டாள் அந்தப் பெண்.

ஒன்று: வந்துட்டேன்.

இரண்டு: சாமான எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்.

மூன்று: அடுப்புல என்ன இருக்கு?

போலாத் திரும்பத் திரும்பப் படித்தான். "இது நீ எழுதினதா?"

"ஆமா."

"எப்ப?"

"நீ கெளம்பின வாரம்."

"எத அழுத்தினா என்ன ஆகும்?"

"அழுத்திப் பாரு."

உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு மவுஸைப் பிடித்தான்.

(அவளால் சொற்களைத்தான் எழுத முடிந்தது, விளையாட்டை மாற்ற முடியாது. மூன்றில் எதை அழுத்தினாலும் ஒரே படம்தான் வரும்: வெட்டவெளி, வெயில், முற்றும். அவளுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.)

7

எதை அழுத்தினான் என்று ரௌஷான் சொல்லிவிட்டார். எழுதியும் பார்த்தேன். 'போலாத் சட்டென்று இரண்டாவ...' இல்லை. 'அவன் அவளைத் திரும்பிப் பார்க்காமலே மூன்...' அதுவும் இல்லை. ஒன்றை நான் எழுதிவிட்டால் மற்ற இரண்டையும் அவள் எதற்காக எழுதினாள் என்று ஆகிவிடும்.

ஆகவே மவுஸ் உங்கள் கையில். அவசரமில்லை. போலாத் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டான். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.